நாற்பத்தைந்து வயதில் சேமிப்பு: புதிய வழி தேடும் முன் கசிவை அடைப்போம்

கைப்பேசியில் இபிஎஃப் செயலியைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. வயது 45 ஆகிவிட்டது. வீட்டுக் கடன் இன்னும் பாதி இருக்கிறது. மூத்த பிள்ளை எஸ்பிஎம் எழுதப் போகிறது. சம்பளம் மூவாயிரம் வெள்ளி. பிடித்தம் போகக் கைக்கு வருவது 2,650 வெள்ளிதான். மாதக் கடைசியில் நூறு வெள்ளி மிஞ்சினால் அது அதிர்ஷ்டம். இந்த நிலையில் "ஓய்வுக் காலத்துக்குச் சேமியுங்கள்" என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும்.

அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2023இல் நாட்டின் இடைநிலை மாதச் சம்பளம் 2,602 வெள்ளி. அதாவது சம்பளம் வாங்குபவர்களில் பாதிப்பேர் அதற்கும் குறைவாகத்தான் வாங்கினார்கள். மறுபக்கம், ஊழியர் சேமநிதி வாரியம் 60 வயதில் ஒருவரிடம் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு 390,000 வெள்ளி என்று புதிய அளவு வகுத்திருக்கிறது. போதுமான சேமிப்பு என்றால் 650,000. முன்பு 55 வயதுக்கு 240,000 என்று இருந்தது. அது மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது ஆண்டுக்கு வரும் என்பது அன்றைய கணக்கு.

இந்த எண்களைக் கேட்டதும் பலர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, "இனி நம்மால் ஆகாது" என்று விட்டுவிடுவது. மற்றொன்று, விட்டதைப் பிடிக்க அவசரப்பட்டு, வாட்ஸ்அப்பில் வரும் ஏதாவது ஒரு திட்டத்தில் பணத்தைப் போடுவது. இரண்டுமே தேவையில்லை. நடுத்தரச் சம்பளக்காரருக்கு மிகப் பெரிய சேமிப்பு அவருடைய சம்பளச் சீட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து கசிவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெரியும்.

சம்பளச் சீட்டில் உள்ள 24 விழுக்காடு

இபிஎஃப் சந்தாவாக ஊழியரிடமிருந்து 11 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும்; அதற்கு மேல் என்றால் 12. மூவாயிரம் வெள்ளிச் சம்பளத்தில் உங்கள் பங்கு 330, முதலாளி பங்கு 390, மொத்தம் மாதம் 720 வெள்ளி. ஆண்டுக்கு 8,640. "என்னால் சேமிக்கவே முடியவில்லை" என்று சொல்லும் அதே மனிதரின் பெயரில்தான் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேல் சேர்ந்துகொண்டிருக்கிறது.

லாப ஈவும் மோசமில்லை. வழக்கமான கணக்குக்கு 2023இல் 5.50 விழுக்காடும் 2024இல் 6.30 விழுக்காடும் கிடைத்தன. 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டுகளில் மிகக் குறைந்தது, பெருந்தொற்று ஆண்டான 2020இல் வந்த 5.20 விழுக்காடு. இனியும் இப்படியே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சட்டப்படி உறுதியானது 2.5 விழுக்காடு மட்டுமே. ஆகவே கீழே உள்ள கணக்குகளில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்கு

கிள்ளானில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கும் 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சம்பளம் 3,000. இபிஎஃப் இருப்பு 60,000. சம்பளம் உயரவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். அவர் எதையும் எடுக்காமல் 60 வயது வரை வேலை செய்தால், அந்த 60,000 மட்டும் ஏறக்குறைய 124,700 ஆகும். மாதச் சந்தா லாப ஈவோடு சேர்ந்து 186,400 ஆகும். மொத்தம் சுமார் 311,000 வெள்ளி.

இப்போது கசிவுக்கு வருவோம். 2024 மே 11 முதல் ஒவ்வொரு மாதச் சந்தாவும் மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு பெர்சாராஅன் கணக்குக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல் கணக்குக்கு. மூன்றாவது கணக்கிலிருந்து குறைந்தது 50 வெள்ளி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நம்மவர் மாதாமாதம் அந்த 72 வெள்ளியை எடுத்துவிடுகிறார் என்றால், பதினைந்து ஆண்டில் அவர் இழப்பது சுமார் 18,600 வெள்ளி.

அடுத்து 50 வயது. அப்போது செஜாத்ரா கணக்கில் உள்ளதை எடுக்க அனுமதி உண்டு. மகள் திருமணத்துக்கு 20,000 எடுக்கிறார். அந்தப் பணம் அங்கேயே இருந்திருந்தால் 60 வயதில் 32,600 ஆகியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் 51,200 வெள்ளி குறைகிறது. 311,000 என்பது 260,000 ஆகிறது.

இனி வேறொரு கணக்கு. இதே மனிதர் மாதம் 200 வெள்ளியைக் கூடுதலாக இபிஎஃப்பில் கட்டினால் பதினைந்து ஆண்டில் கிடைப்பது சுமார் 51,800. அதாவது, கையில் இல்லாத 200 வெள்ளியை மாதாமாதம் திரட்டிப் போடுவதற்கும், ஏற்கெனவே இருப்பதை எடுக்காமல் விடுவதற்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது, மூவாயிரம் வெள்ளிச் சம்பளக்காரருக்குப் பெரும்பாடு. இரண்டாவதற்குக் கூடுதலாக ஒரு சென்னும் தேவையில்லை. வள்ளுவரும் வருமானம் சிறியது என்று கவலைப்படச் சொல்லவில்லை, செலவு போகும் வழியைத்தான் கவனிக்கச் சொன்னார்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். 60 வயதில் இருக்கும் 311,000 வெள்ளியை, மீதிப் பணம் 5 விழுக்காட்டில் வளர வளர, இருபது ஆண்டுக்குப் பிரித்து எடுத்தால் மாதம் 2,080 வெள்ளி வரும். 260,000 என்றால் 1,740. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், அந்த 2,080 வெள்ளிக்கு இன்றைய மதிப்பு 1,335தான். ஒரு சென்னையும் எடுக்காதவருக்கே இந்த நிலை என்றால், எடுத்தவரின் பாடு என்ன என்று யோசிக்க வேண்டும்.

எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

முடியாது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பின்னர் 2022இல் 10,000 வெள்ளிச் சிறப்பு மீட்பு என்று நான்கு கட்டங்களாகக் கதவு திறந்தது. 81 லட்சம் சந்தாதாரர்கள் 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். அன்று வேலை இல்லை, வீட்டில் அரிசி வேண்டும். எடுத்தது தவறில்லை. அந்தப் பள்ளத்தை இன்னும் நிரப்பாமல் இருப்பதுதான் சிக்கல். அந்தப் பழக்கம் இப்போது மூன்றாவது கணக்கில் தொடர்வது அதைவிடச் சிக்கல். பெருநாளுக்கு உடுப்பு, கைப்பேசி, காருக்கு டயர் என்று 50 வெள்ளியும் 100 வெள்ளியுமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாவது கணக்கைப் பூட்டி வையுங்கள் என்று சொல்லவில்லை. அதை அவசரப் பணமாக வைத்துக்கொள்ளலாம். மாதம் 72 வெள்ளி தொடாமல் இருந்தால் மூன்று ஆண்டில் 2,700 வெள்ளிக்கு மேல் சேரும். கார் எஞ்சின் கெட்டாலோ ஒரு மாதம் வேலை நின்றாலோ வட்டி முதலையிடம் போகாமல் காப்பாற்ற அது போதும். சம்பளம் வந்ததும் எடுப்பதற்கும் அவசரத்துக்கு எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் எல்லாரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு கதவும் இருக்கிறது. பணி ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆகிவிட்டது. ஆனால் இபிஎஃப் பணத்தை முழுவதும் எடுக்கும் வயது இன்னும் 55தான். வேலையில் இருக்கும்போதே பெரிய தொகை கைக்கு வரும். மகனுக்குக் காரின் முன்பணம், உறவினர் வியாபாரத்துக்குக் கைமாற்று என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். 55இல் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. எடுக்காமல் விட்டால் லாப ஈவு தொடர்ந்து வரும். இது தெரியாமலே எடுத்து வங்கியில் போட்டு, இரண்டு ஆண்டில் கரைத்தவர்கள் உண்டு.

பிள்ளைகளா, முதுமையா?

நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு என்று நினைப்போம். பிள்ளைக்குச் செய்வதுதான் பெற்றோருக்கு முதலீடு. கடைசிக் காலத்தில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு அந்த நம்பிக்கை பொருந்தியது. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, பக்கத்து வீட்டில் அண்ணன் இருந்தார், பின்னால் காய்கறித் தோட்டம் இருந்தது. இப்போது தோட்டத்தில் வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பட்டணத்தில் மகன் இருப்பது மூன்று அறை அடுக்குமாடி வீட்டில்.

இருபதுகளின் கடைசியில் இருப்பவள் என்ற முறையில் எங்கள் தலைமுறையின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பலருக்குச் சம்பளம் இன்னும் மூவாயிரத்தை எட்டவில்லை. பிடிபிடிஎன் கடன், கார் கடன், வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மனம் இருக்கிறது. முழுச் செலவையும் தாங்கும் பலம் எல்லாரிடமும் இல்லை. மண்டபத் திருமணத்துக்குச் செலவான 20,000 வெள்ளி பத்து ஆண்டு கழித்து அப்பாவின் மருந்துச் செலவாக அதே மகளிடம்தான் திரும்பி வரும். அதனால் "என் கல்யாணத்துக்கு இபிஎஃப்பைத் தொடாதீர்கள்" என்று பிள்ளைகளே சொல்ல வேண்டிய காலம் இது. எளிமையான கோயில் திருமணத்தில் மரியாதைக்குக் குறைவொன்றும் இல்லை.

படிப்புக்கும் இதே கணக்குத்தான். பிடிபிடிஎன் கடனுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. அதை வாங்காமல் 5 விழுக்காட்டுக்கு மேல் சம்பாதிக்கும் சேமநிதியை எடுத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது பாசத்தால் செய்யும் காரியம். கணக்கில் அது நட்டம். கடனைப் பிள்ளை பெயரில் வாங்கி, வேலை கிடைக்கும் வரை தவணைக்குப் பெற்றோர் உதவலாம்.

சந்தா இல்லாத வேலை

நம் சமுதாயத்தில் லோரி ஓட்டுநர், பாதுகாவலர், குத்தகை வேலை செய்பவர்கள், கிராப் ஓட்டுநர்கள் அதிகம். "இபிஎஃப் வேண்டாம், கையில் 3,300 தருகிறேன்" என்று முதலாளி சொன்னால் இனிப்பாகத்தான் இருக்கும். 3,000 சம்பளத்தில் இபிஎஃப் போகக் கிடைப்பது 2,670. இங்கே 630 வெள்ளி கூடுதல். ஆனால் முதல் வேலையின் உண்மையான மதிப்பு, முதலாளியின் 390 வெள்ளியையும் சேர்த்தால், 3,390. ஆக மாதம் 90 வெள்ளி குறைவான சம்பளத்துக்குத்தான் ஒப்புக்கொள்கிறோம். 720 வெள்ளிச் சேமிப்பும் நின்றுபோகிறது. ஊழியராக வேலை செய்பவருக்குச் சந்தா கட்டாமல் இருப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை மாதாமாதம் செயலியில் பார்க்க வேண்டும். ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

முதலாளியே இல்லாதவர்களுக்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. சுயதொழில் செய்பவர் தாமாகக் கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி வரை, அரசாங்கம் போடுகிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000 வெள்ளி. மாதம் 210 வெள்ளி கட்டினால் முழு 500 வெள்ளியும் கிடைத்துவிடும். பத்து ஆண்டில் நீங்கள் போட்டது 25,000 என்றால், அரசாங்கப் பங்கும் லாப ஈவும் சேர்ந்து சுமார் 37,700 ஆகும். ஓடிய நாளில் மாலை பத்து வெள்ளியைத் தனியே எடுத்து வைத்தால் இதைக் கட்டிவிடலாம். இல்லத்தரசிகளுக்கு ஐ-சூரி என்ற தனித் திட்டம் உண்டு. தகுதி விவரத்தை இபிஎஃப் முகப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வளர்ந்த பின் 45 வயதில் முதன்முறையாக வேலைக்குப் போகும் அம்மாக்களும் இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு இரு பங்கும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி சந்தா. வெறும் கையோடு தொடங்கினாலும் 60 வயதில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும். "இந்த வயதில் எதற்கு இபிஎஃப்" என்று விட்டுவிடக்கூடாது.

கடன், நகை, கூட்டு

கூடுதல் பணம் கிடைத்தால் முதலில் எங்கே போடுவது? கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் அங்கேதான். அதன் வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. அதைக் கட்டி முடிப்பதைவிட நிச்சயமான லாபம் தரும் முதலீடு எதுவும் கிடையாது. அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு என்பது சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24. கடன் கைமீறிப் போனவர்களுக்குப் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நகை வாங்கியவர்கள் ஏமாந்துவிடவில்லை. தங்கத்தின் விலை ஏறியிருக்கிறது. ஆனால் ஆபரணமாக வாங்கும்போது கூலி, விற்கும்போது கழிவு என்று இருமுறை இழக்கிறோம். தவிர, அம்மாவின் சங்கிலியை விற்று மாதச் செலவு செய்ய எந்த வீட்டிலும் மனம் வராது; அது அடகுக்குத்தான் போகும். கூட்டு பிடிப்பது நமக்குப் பழகிய சேமிப்பு என்றாலும், அதை நடத்துவது நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற சொல் இருக்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லக்கூடத் தயங்க வேண்டியிருக்கும். மாதம் 5 விழுக்காடு, 10 விழுக்காடு தருகிறோம் என்று வருபவர்களைப் பற்றி, பேங்க் நெகாராவும் செக்கியூரிட்டிஸ் கமிஷனும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

சிறு தொகையில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

அதே சமுதாயத்துக்கு வேறோர் அனுபவமும் உண்டு. 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குகளைக் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒரு வெள்ளி கொடுத்த பங்குக்கு 2010இல் 80 சென் விலை பேசப்பட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதலே முழுதாகத் திரும்பவில்லை. கடன் வாங்கி முதலீடு செய்யக்கூடாது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடக்கூடாது, நம்மவர் நடத்துகிறார் என்பதற்காக மட்டும் போடக்கூடாது என்ற மூன்றையும் அந்த அனுபவம் கற்றுக்கொடுத்தது.

இந்த மாதமே செய்யக்கூடியவை அதிகமில்லை. செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். முதலாளியின் சந்தா வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். வாரிசு நியமனம் செய்யாமல் இருந்தால் செய்துவிடுங்கள். நாளை நமக்கு ஏதாவது ஆனால் மனைவி மக்கள் அலைய வேண்டாம். அடுத்த சம்பள உயர்வில் கைக்கு வரும் தொகையில் பாதியைச் சேமிப்புக்கு என்று இப்போதே முடிவு செய்யுங்கள். உயர்வு வந்து செலவு பழகிய பிறகு அதை எடுத்து வைப்பது கடினம்.

390,000 என்ற எண்ணை நம்மில் பலர் எட்டப் போவதில்லை. சம்பளம் உயராமல் அது முடியாது. சம்பளத்தை உயர்த்தும் பொறுப்பு முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் உண்டு; அதைக் கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது. ஆனால் 260,000 வெள்ளிக்கும் 311,000 வெள்ளிக்கும் இடையில் உள்ள வேறுபாடு நம் கையில்தான் இருக்கிறது. முதுமையில் அது மாதம் 340 வெள்ளி. மருந்து வாங்க மகனிடம் கை நீட்டாமல் இருக்க அந்தப் பணம் போதும்.